சரிபார்த்தவர்

மெக்கலிஸ்டர் ரோட்டிலிருந்த அந்தப் பழைய பங்களாவுக்குள் நாங்கள் முதல்முறை நுழைந்தபோது மத்தியான மழை பிடித்துக்கொண்டது. தவமணி அக்கா குடையை மடக்கி வாசலிலேயே உதறினார். ஹரிசங்கர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, ஏதோ சொந்த வீட்டுக்குப் பால் காய்ச்ச வந்தவன் மாதிரி சிரித்தபடி நின்றான். கீழ்த்தளத்தில் குளியலறை தவிர மற்ற அறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. மரப்படி ஏறி மேலே போனால் நீண்ட கூடம். சுவரோரமாக நான்கு கம்ப்யூட்டர்கள், நான்கு நாற்காலிகள். நாங்கள் மூன்று பேர்தான்.

"எப்படி இருக்கு?" என்றான் ஹரி. "ஏர்கோன் இருக்கு, இன்டர்நெட் லைன் இருக்கு, எல்லாம் சும்மா. இனிமே கோப்பிக்கடையில உக்காந்து பிளக் பாயிண்ட் தேட வேணாம் லா."

"சும்மா யாரு குடுப்பா தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"நம்ம வேலையைப் பாத்துட்டு ஒரு நிவாரண அமைப்பு குடுத்திருக்கு. வெளிநாட்டுக்காரங்க. நல்லது செய்யறவனுக்கு நல்லது நடக்கக்கூடாதா?"

நடக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். கூடத்தில் ஈர மரத்தின் வாடையோடு இன்னொரு வாடையும் இருந்தது. சுவரை இடிக்கிற இடத்தில் மூக்கில் ஏறும் சுண்ணாம்புப் புழுதியின் வாடை. பழைய வீடு, அப்படித்தான் இருக்கும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

என் பெயர் ஷஹீரா. கட்டட வேலைக்குச் செலவுக் கணக்குப் போடும் அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். வீடு ஜெலுத்தோங்கில். கணவர் ஹைருல் கப்பலில் வேலை பார்க்கிறார், வருடத்தில் பாதி நாள் கடலில்தான். மகள் லைலா இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களை மட்டும் நான் வேறொரு வேலைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். சண்டை நடக்கிற ஊர்களுக்குச் சரியான வரைபடம் இருக்காது. அரிசி ஏற்றிய லாரி போகவேண்டும் என்றால் எந்தச் சந்தில் வீடு இருக்கிறது, எந்தப் பாதை எங்கே முட்டுகிறது என்று யாராவது வரைந்து கொடுத்திருக்க வேண்டும். உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்து எங்களைப் போன்றவர்கள் வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் போட்டு, ஒவ்வொரு கூரைக்கும் மூலைக்கு மூலை புள்ளி வைத்து வரைவோம். ஊரைச் சதுரம் சதுரமாகப் பிரித்திருப்பார்கள். ஒருவர் வரைந்து முடித்தால் சதுரம் மஞ்சள் ஆகும். இன்னொருவர் சரிபார்த்து ஒப்புக்கொண்டால் பச்சை ஆகும். பச்சை ஆனால்தான் அது வெளியே போகும். வரைந்தவர் பெயரும் சரிபார்த்தவர் பெயரும் கூடவே போகும்.

எங்கள் கூட்டத்தில் வரைவது தவமணி அக்கா. நிபோங் திபாலில் பள்ளிக்கூடக் கிளார்க்காக இருக்கிறார். ஞாயிறுதோறும் பட்டர்வொர்த் வந்து எங்கள் தீவுக்கு ஃபெர்ரி பிடித்து, பையில் எல்லாருக்கும் கறிபஃப் கட்டிக்கொண்டு வந்து சேருவார். சரிபார்ப்பது நான். ஹரிதான் தலைவன். எந்தச் சதுரத்தை யார் எடுப்பது என்று பிரித்துக் கொடுப்பது அவன் பொறுப்பு.

ஹரியை நான் எப்படி நம்பினேன் என்றும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. பெருவெள்ளம் வந்த வருடம் என் உம்மாவை முதுகில் சுமந்து இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தவன் அவன். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் அவன் குடும்பம் பந்தல் போடும். தலையில் துணியோடு நானும் அங்கே நின்று மோர் ஊற்றியிருக்கிறேன். யாராவது ஒரு மாதிரி பார்த்தால், "என் தங்கச்சி, என்ன இப்போ?" என்பான். அப்படிப்பட்டவன்.

நாங்கள் வரைந்துகொண்டிருந்த பள்ளத்தாக்கின் பெயரை எழுத மாட்டேன். எழுதி இனி யாருக்கும் லாபமில்லை. அங்கே எங்களுக்கு ஒரு பெண்ணைத் தெரியும். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை. இணையத்தில் அவள் கணக்கின் பெயருக்கு அவர்கள் மொழியில் அத்திமரம் என்று அர்த்தமாம். நாங்கள் அத்தி என்றே கூப்பிட்டோம். நாங்கள் வரைந்ததைப் பார்த்து, இது வீடு, இது ஆட்டுக்கொட்டகை, இந்தப் பாலம் உடைந்துவிட்டது என்று குறிப்பு எழுதுவாள். சில நேரம் குரலாகவும் அனுப்புவாள். தட்டுத்தடுமாறிய இங்கிலீஷ், நடுவில் சிரிப்பு. பின்னால் எங்கோ ஒரு சின்னப் பெண் பாடிக்கொண்டே இருக்கும். அது தன் மகள், லைலாவின் வயதுதான் என்று ஒருமுறை சொன்னாள்.

இந்த வேலையில் எல்லாரும் கைக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு. ஜனங்கள் ஒளிந்திருக்கும் இடத்தை வரையக்கூடாது. அந்தக் கூரை கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாத மாதிரி விட்டுவிட வேண்டும். எது அப்படிப்பட்ட இடம் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அத்தி சொல்லுவாள்.

பங்களாவுக்கு நாங்கள் குடிவருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அத்தியின் வீட்டின்மேல் குண்டு விழுந்தது. அவள் உயிரோடு இல்லை என்று ஹரிதான் வந்து சொன்னான். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

புது இடத்தில் எல்லாமே வசதியாக இருந்தது. படங்கள்தான் அதிசயம். எங்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது பழைய படங்கள், மங்கலாக இருக்கும். இங்கே திரையைத் திறந்தால் கொடியில் காயும் துணி தெரிந்தது. வாசலில் நிற்கும் சைக்கிள் தெரிந்தது. போன வாரம் இருந்த வைக்கோல்போர் இந்த வாரம் பாதியாகியிருந்தது.

"யம்மாடி, நேத்து எடுத்த மாதிரி இருக்கே!" என்று அக்கா கைதட்டினார்.

நானும் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டேன். கூரையின் ஓரம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு வேறென்ன வேண்டும்? நேற்றைய படத்தை நமக்கு யார் தருகிறார்கள், அந்த ஊருக்கு மேலே தினமும் கண் வைத்திருப்பது யார் என்று மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை. சரி, இருவர் கேட்கவில்லை. மூன்றாமவனுக்குத் தெரிந்திருந்தது.

முதல் சம்பவம் அடுத்த ஞாயிறன்று நடந்தது. ஆற்று வளைவில், மரங்களுக்கு அடியில் பாதி மறைந்த நீளமான கூரை ஒன்று. ஹரி அந்தச் சதுரத்தை அக்காவிடம் கொடுத்தான். அக்கா வரைந்தார். நான் சரிபார்க்கத் திறந்தபோது கூரையைக் காணோம்.

"அக்கா, நீளக் கூரையை விட்டுட்டீங்க."

"இல்லையே, போட்டேனே."

வேலையின் வரலாற்றைத் திறந்து பார்த்தேன். வரைந்தவர் தவமணி. அதற்கு அடுத்த வரியில், அழித்தவர் அத்திமரம். பக்கத்தில் ஒரு குறிப்பு: இங்கே எதுவும் இல்லை.

ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மழை விட்டிருந்தது. மூன்று பேரும் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அவ கணக்கை எவனோ திருடிட்டான்," என்றான் ஹரி. "லாரி போகக்கூடாதுன்னு நெனைக்கிறவன். அந்தக் கூரை மாட்டுத்தீவனக் கொட்டகை லா, அங்கதான் அரிசி இறக்கப் போறாங்க. அக்கா, திரும்பப் போடுங்க."

அக்கா திரும்பப் போட்டார். மூலைக்கு மூலை புள்ளி விழுந்தது. கடைசிப் புள்ளி விழுந்ததும் எங்களுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

டிக்.

மவுஸை அழுத்துகிற சத்தம்.

நான்காவது கம்ப்யூட்டரின் முன்னால் யாரும் இல்லை. திரை இருட்டாக இருந்தது. அதற்கு மின்சாரமே கொடுத்திருக்கவில்லை, ஒயர் சுருட்டியபடி தரையில் கிடந்தது. அக்காவின் திரையில் கூரை போய்விட்டிருந்தது.

ஹரி அந்தக் கணக்கை முடக்கினான். என் கண்ணெதிரில்தான் முடக்கினான். அதற்கடுத்த ஞாயிறு அக்கா போட்டதும், அதே பெயர் மறுபடி அழித்தது.

அன்றைக்குத்தான் நான் நான்காவது மேசைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மேசை முழுக்க சாம்பல் நிறத்தில் மெல்லிய புழுதி. காலையில் வேலைக்காரப் பெண் துடைத்துவிட்டுப் போன மேசை. மவுஸின் மேல் மட்டும் புழுதியில்லாமல் விரல்கள் பதிந்த தடம். மெலிந்த விரல்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மவுஸ் ஒரு விரற்கடை நகர்ந்தது.

சட்டென்று பின்வாங்கினேன்.

சுண்ணாம்பு வாடை மறுபடி எழுந்தது. பக்கத்து அறையில் யாரோ கனமான ஒன்றைப் பலகைத் தரையில் இழுத்தார்கள். கொஞ்ச தூரம் இழுப்பு. பிறகு மூச்சு வாங்கும் நேரம். பிறகு மறுபடி இழுப்பு. அந்த அறைக்கு வெளியே பூட்டுத் தொங்கியது.

"முருகா," என்றார் அக்கா. "தம்பி, நான் கெளம்புறேன்."

"எலியா இருக்கும் அக்கா! ஊரே பசியில கெடக்கு, நீங்க எலிக்கு பயப்படுறீங்க." ஹரியின் குரல் உயர்ந்தது. அவன் எங்களிடம் குரலை உயர்த்தியதே கிடையாது. நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது, அந்த ஏர்கோனிலும். "இன்னைக்கு அந்தச் சதுரம் போயே ஆகணும். அவங்க கேட்டுட்டே இருக்காங்க."

"எவங்க?" என்றேன்.

"அமைப்புதான். வேற யாரு?"

அக்கா மறுபடி வரைந்தார். இந்த முறை கூரை அழியவில்லை. சதுரம் மஞ்சளாக நின்றது. இனி நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"நான் சரி போட மாட்டேன்," என்றேன். "அழிக்கிறது அத்தியோ திருடனோ, யாரோ. அந்த எடத்தப் பத்தி உள்ளூர்ல விசாரிக்காம போட மாட்டேன்."

ஹரி தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தான். "சரி லா. உன் இஷ்டம். எல்லாரும் டென்ஷனா இருக்கோம். அக்கா, எதிர்க் கடையில போயி தே ஓ பைஸ் மூணு பொங்குஸ் கட்டிட்டு வாங்களேன்."

அக்கா இறங்கிப் போனார். அசர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. நான் கை கால் முகம் கழுவி ஒளூ செய்யக் கீழே குளியலறைக்குப் போனேன். குழாயைத் திறந்தேன். முகத்தில் தண்ணீர் பட்டபோது ஒரு பெண் குரல் என் காதருகே ஏதோ சொன்னது. எனக்குத் தெரியாத மொழி. அவசரமாக, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப. தலையை நிமிர்த்திப் பார்த்தேன், யாருமில்லை. குழாயில் வந்த தண்ணீர் சாம்பல் நிறமாக இருந்தது.

நான் மேலே ஓடினேன்.

அக்கா எனக்கு முன்பே திரும்பி வந்து, ஐஸ் தேநீர்ப் பொட்டலங்களைக் கையில் பிடித்தபடி என் திரையின் முன் நின்றிருந்தார். சதுரம் பச்சையாக இருந்தது. சரிபார்த்தவர்: ஷஹீரா.

"நீயா போட்ட?" என்றார் அக்கா. "விசாரிக்காம போட மாட்டேன்னியே?"

"நான் இல்லக்கா! நான் கீழ இருந்தேன்."

"உன் பேரு இருக்கே ஷஹீரா."

"நீதான் போட்ட," என்றான் ஹரி, தன் இடத்திலிருந்து எழாமலே. "கீழ போறதுக்கு முன்னாடி. பதட்டத்துல மறந்திருப்ப. விடு லா, நல்லதுதானே."

அக்கா என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் வேலையில் வாய்ப்பேச்சுக்கு மதிப்பே கிடையாது. யார் வரைந்தார், யார் பார்த்தார் என்பதற்கு அந்த வரிதான் சாட்சி. இத்தனை வருடம் அக்காவும் நானும் அதை நம்பித்தான் வேலை பார்த்தோம். அவர் பொட்டலங்களை மேசையில் வைத்தார். "நான் ஃபெர்ரிக்குப் போறேன்," என்று மட்டும் சொன்னார். படியிறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் போன பிறகு கூடம் ரொம்ப அமைதியாக இருந்தது. அந்த இழுப்புச் சத்தம்கூட நின்றிருந்தது.

அப்போது ஹரியின் போன் பேசியது.

அது மேசையில் குப்புறக் கிடந்தது. யாரும் தொடவில்லை. பின்னால் ஒரு சின்னப் பெண் பாடுவது முதலில் கேட்டது. பிறகு அத்தியின் குரல். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"ஹரி, ஆற்றோரம் மரத்தடியில் ஒரு நீளக் கூரை இருக்கிறது. தயவுசெய்து அதை வரையாதீர்கள். பிள்ளைகளை எல்லாம் அங்கேதான் வைத்திருக்கிறோம். என் மகளும் அங்கே இருக்கிறாள். ஷஹீராவிடமும் சொல்லிவிடு. அவள்தானே சரிபார்ப்பவள். மறக்காமல் அவளிடம் சொல்லிவிடு."

ஹரியின் முகம் வெளுத்துவிட்டது.

"இது எப்படி..." என்றான். "இதை நான் அப்பவே அழிச்சிட்டேனே."

தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்கே புரிய ஒரு கணம் ஆயிற்று. எனக்கும்தான்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

அவன் போனை எடுத்து அணைத்தான்.

"ஹரி. உனக்குத் தெரியுமா?"

"அங்க ஆயுதம் இருக்குன்னாங்க, ஷஹீரா. பிள்ளைங்கன்னு சொல்றதெல்லாம் சாக்குன்னாங்க. நாம காட்டலன்னா பள்ளத்தாக்கு பூரா போட்டுத் தள்ளுவாங்க. இப்ப ஒரு எடம். ஒரே ஒரு எடம்தான்." வேகவேகமாகப் பேசினான், பலநாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்த பேச்சு. "எனக்கு வேலை போட்டுக் குடுத்துட்டாங்க. ஐரோப்பால. அப்பாவையும் கூட்டிட்டுப் போகலாம்."

"என் பேர்ல ஏன்டா போட்ட?"

"தலைவன் சரிபார்க்க முடியாது லா. சிஸ்டம் விடாது." அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பப் பாரம் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னான். "ரெண்டு பேரு வேணும்."

என் உம்மாவை முதுகில் சுமந்தவன். அவன் முகத்தில் அறைய வேண்டும் என்று கை துடித்தது. ஆனால் நான் திரைக்குத்தான் ஓடினேன். அழிக்க முயன்றேன். பச்சை ஆன சதுரம் அசையவில்லை. மறுபடி, மறுபடி அழுத்தினேன். நான்காவது மேசையிலிருந்தும் அதே சத்தம் கேட்டது. டிக். டிக். டிக். நானும் அவளும் சேர்ந்து அழுத்திக்கொண்டிருந்தோம், அந்த ஒரு மாலை மட்டும்.

வெளியே இருட்டுவதற்குள் புதுப் படம் வந்துவிட்டது. ஆற்று வளைவு அப்படியே இருந்தது. மரங்கள் இல்லை. நீளக் கூரை இருந்த இடத்தில் கருப்பாக ஒரு குழி.

சத்தம் நின்றுவிட்டது.

நான்காவது நாற்காலி மெல்லத் திரும்பியது. ஹரி இருந்த பக்கம் அல்ல. என் பக்கம்.

போலீசுக்குப் போனேன். ஆயுதம், வெளிநாடு, செத்துப்போன பெண், வரைபடம் என்று நான் சொன்னதை எல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில், "இதுல உங்க பெயர்தானே இருக்கு?" என்று கேட்டார்கள். அதற்குள் ஹரி விமானம் ஏறிவிட்டான். பங்களாவில் கம்ப்யூட்டர்களும் இல்லை, எங்கள் கூட்டம் அங்கே இருந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை.

தவமணி அக்காவுக்கு எத்தனையோ முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை. நடந்ததை எழுதி அனுப்பினேன். படித்தார் என்று காட்டியது, பதில் இல்லை. நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

நேரில் போனது சாவுக்கு. நிபோங் திபாலில் பட்டப்பகலில், அக்கா சமைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக் கூரை மொத்தமாக இறங்கிவிட்டது.

"காத்தும் இல்ல, மழையும் இல்ல," என்றார் அவருடைய தம்பி விஸ்வலிங்கம். "பக்கத்து வீட்டு ஓடுகூட அசையல." அவர் என் கண்ணைப் பார்க்காமல் பேசினார். "அக்கா உங்களப் பத்தித்தான் பேசிட்டே இருந்தாங்க. ஹரி சொன்னாப் பொறுத்துக்குவேன், ஷஹீரா என்கிட்டயே பொய் சொல்லிட்டாளேன்னு."

இடிந்த வீட்டின் மேல் சாம்பல் புழுதி படிந்திருந்தது. அந்த வாடை. 

வீட்டுக்கு வந்து, தொடவே கூடாது என்றிருந்த வரைபடத்தைத் திறந்தேன். நிபோங் திபால். அக்காவின் வீட்டுக் கூரை மூலைக்கு மூலை சுத்தமாக வரையப்பட்டிருந்தது. வரைந்தவர்: அத்திமரம். சதுரம் பச்சை.

சரிபார்த்தவர்: ஷஹீரா.

நான் அதைத் திறந்ததே இல்லை. அல்லாஹ் மேல் ஆணை, நான் அதைத் தொட்டதே இல்லை.

ஹரியின் பெயரை எல்லா இடத்திலும் தேடினேன். எங்குமே இல்லை. அவன் ஒரு கூரையும் வரையவில்லை, ஒரு சதுரத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. பனி விழுகிற ஏதோ ஓர் ஊரில் அவன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான்.

அத்திக்கு எழுதினேன். அது நான் இல்லை என்று எழுதினேன். ஹரி என்னிடம் எதுவுமே சொல்லவில்லை, என் பெயரைத் திருடிவிட்டான், உன் மகளுக்காக நானும் அழுதேன் என்று எழுதினேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்று எழுதியிருக்கக்கூடாது. அதையும் எழுதினேன்.

மறுநாள் பதில் வந்திருந்தது. ஒரே வரி.

உன்னிடம் சொல்லச் சொன்னேன்.

அதன் கீழே ஜெலுத்தோங்கில் என் வீட்டுக் கூரை, முதல் மூலைக்கு மட்டும் புள்ளி வைத்து, காத்திருந்தது.

அன்றைக்கே லைலாவைத் தூக்கிக்கொண்டு பட்டர்வொர்த்தில் உம்மா வீட்டுக்குப் போனேன். என்ன ஏது என்று உம்மா கேட்டதற்கு, வீட்டில் கறையான் என்று பொய் சொன்னேன். லைலாவை அங்கே விட்டுவிட்டு வேலைக்கு மட்டும் தினமும் ஃபெர்ரியில் வந்து போனேன். ஜெலுத்தோங் வீட்டின் மேல் புள்ளிகள் நின்றுவிட்டன. தப்பித்தோம் என்று நினைத்தேன். ஒரு வாரம் நல்லபடி தூங்கினேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் சாப்பிட்டுவிட்டு, சும்மா போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஜெலுத்தோங்கில் ஒன்றுமில்லை. பட்டர்வொர்த்துக்கு நகர்த்தினேன். உம்மா வீட்டுக் கூரை முழுக்க வரையப்பட்டிருந்தது. உள்ளேயும் கோடுகள் இருந்தன. முன்கூடம், சமையலறை, பின்னறை. பின்னறையில் ஜன்னலோரமாக ஒரு சின்ன நீள்சதுரம். லைலாவின் மெத்தை.

சதுரம் மஞ்சளாக இருந்தது.

மஞ்சள்தான், மஞ்சள்தான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். அவள் எவ்வளவு வேண்டுமானாலும் வரையட்டும், இன்னொரு கை ஒப்புக்கொள்ளாமல் எதுவும் நடக்காது. சரிபார்க்க என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? போனை ஒரு கையில் விளிம்போடு பிடித்துக்கொண்டேன், என் கட்டைவிரல்கூடத் திரையில் படாதபடி. மேசைப் போனில் உம்மாவை அழைத்தேன்.

"உம்மா, லைலாவத் தூக்கிட்டு வெளிய வா. இப்பவே."

"என்னடி? பிள்ளை இப்பதான் கண்ணசந்தா."

"எழுப்பும்மா! செருப்புகூடப் போடாத. ரோட்டுக்கு வந்துரு."

"பைத்தியமா உனக்கு? இரு, இரு, போறேன்."

உம்மா போனைப் பிடித்துக்கொண்டே நடக்கிற காலடி கேட்டது. கூடம். சமையலறை வாசல். பின்னறைக் கதவின் கீல் கிறீச்சிட்டது. "லைலா, எழும்பு மா. உங்கம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு." நான் கையிலிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், இமைக்காமல்.

பச்சை ஆனது.

சரிபார்த்தவர்: தவமணி.

"ஷஹீரா," என்றார் உம்மா போனில். "கொஞ்சம் இரு. மேல என்னமோ சத்தம் கேக்குது."